பழைய 'ராஜா வீட்டுப் படம்': நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு?

கேள்வி இதுதான்: ஆரணிப் பக்கத்திலிருந்து வேலூருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. நடுவில் ஜரிகைத் தலைப்பாகையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வாளைப் பிடித்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கிறார்கள், முன்னால் தரையில் இரண்டு பேர், பின்னால் தூணும் திரையும். "ராஜா வீட்டுப் படம்" என்று பாட்டி சொல்லிவந்தாராம். அவர் எந்த ராஜா? அந்தக் கால அரசவை இப்படித்தான் இருந்ததா? படத்தை வைத்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம்?

முதல் கேள்விக்கு நேரான பதில்: நாடாண்ட ராஜாவாக இருக்க வழியில்லை. வேலூர், ஆற்காடு வட்டாரத்துக்குக் கேமரா வந்து சேர்ந்தபோது இங்கே ஆட்சி செய்த அரசர் ஒருவரும் மிச்சமில்லை. ஜமீன்தார், ஜாகீர்தார் (மானியமாகக் கிடைத்த நிலத்தின் வருமானத்தை அனுபவித்தவர்), அவர்களுடைய பங்காளி, திவான், இல்லாவிட்டால் கையில் காசு புரண்ட ஒரு மிராசுதார் அல்லது வியாபாரி, இவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதனால் படத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. அதிகாரம் கைவிட்டுப் போன பிறகு எடுத்த படங்கள் என்பதால்தான், யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் செருப்போடு வரலாம் என்பதில் அவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் அரச குடும்பங்கள் வாழ்ந்தது உண்மை, ஆனால் கைதிகளாக. 1799-ல் சீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் குடும்பத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832-ல் கண்மூடும் வரை இந்தக் கோட்டையில்தான் இருந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் நினைவுக்குத்தான். போட்டோகிராபி என்ற ஒன்று பாரிஸில் அறிவிக்கப்பட்டதே 1839-ல். ஆகவே இவர்களுடைய வேலூர் வாழ்க்கை எதுவும் கேமராவில் பதியவில்லை. திப்புவின் மகன்களைத் தாமஸ் ஹிக்கி வரைந்தார், ஆனால் அவை ஓவியங்கள்.

ஆற்காட்டு நவாபுக்கும் பெயரில்தான் ஆற்காடு. முகமது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விட்டார். டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் என்ற பிரிட்டிஷ் ஓவியர்களைக் கொண்டு தன்னைப் பெரிய பெரிய படங்களாக வரையவைத்தவர் அவர். 1855-ல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. பிறகு 1867-ல் அவருடைய சித்தப்பா அஸீம் ஜாவுக்கு 'ஆற்காடு இளவரசர்' என்று ஒரு பட்டமும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். நவாப் பட்டம் ஒழிந்த மறு வருஷம், 1856-ல், இரண்டு விஷயங்கள் நடந்தன. மதராஸில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியது. ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது, தென்னிந்தியாவின் முதல் ரயில். நம் பக்கத்துப் பெரிய மனிதர்களும் மதராஸ் போட்டோக்காரர்களும் ஒருவரையொருவர் தேடிப் போக வழி பிறந்தது இப்படித்தான்.

அந்தப் பெரிய மனிதர்கள் யார்? அன்றைய வட ஆற்காடு மாவட்டம் இன்றைய வேலூரைப்போலப் பல மடங்கு பெரியது. 1911 வரை அதன் தலைமையிடமே சித்தூர்தான். காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி ஜமீன்கள் அதற்குள் இருந்தன. தெற்கே ஆரணி ஜாகீர். அது மராத்தி வழி வந்த பிராமணக் குடும்பத்தினுடையது. அவர்களுடைய சத்தியவிஜயநகரம் அரண்மனை ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உத்தராதி மடத்துச் சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் (சமாதி) இருப்பதால் ஊருக்கு அந்தப் பெயர். உங்கள் குடும்பம் ஆரணிப் பக்கம் என்பதால் முதலில் அங்கேதான் தேடச் சொல்வேன்.

இவர்கள் 'ராஜா' என்று அழைக்கப்பட்டார்கள், ஜனங்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் படை வைத்துக்கொள்ள முடியாது. கோர்ட்டு கச்சேரியும் போலீசும் சர்க்கார் கையில். வாரிசு சிறுவனாக இருந்தால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற சர்க்கார் அமைப்பு வந்து எஸ்டேட்டை எடுத்து நடத்தும். ஹைதராபாத் நிஜாமுக்கும் மைசூர் மகாராஜாவுக்கும் சர்க்காரின் 21 பீரங்கிக் குண்டு மரியாதை. நம் ஜமீன்தார்களுக்கு ஒரு குண்டும் கிடையாது. குண்டு முழங்காதவர் தன் அந்தஸ்தைக் காட்ட மிஞ்சியவை ஆட்களும் ஆடையும் நாற்காலியும். ஒரு போட்டோவுக்குள் இவை மூன்றும் அடங்கிவிடும் என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

சரி, பின்னால் தெரிகிற தூணும் திரையும். அதை அரண்மனை என்று நம்ப வேண்டாம். துணியில் வரைந்த தூண், அட்டையில் செய்த கைப்பிடிச் சுவர், ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிய கனமான திரை, பூ ஜாடி, வட்ட மேசை, மேசையில் ஒரு தடிப் புத்தகம். லண்டனிலிருந்து மதராஸ் வரைக்கும் எல்லா ஸ்டூடியோவிலும் இதே சாமான்கள்தான். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் பிரபுக்களுக்கு வரைந்த படங்களிலிருந்து இந்தத் தூணும் திரையும் ஸ்டூடியோவுக்கு இறங்கி வந்தன. காசு கொடுத்தால் கணக்குப்பிள்ளையும் அதே தூணில் சாய்ந்து நிற்கலாம். மதராஸில் 1850-களின் இறுதியிலேயே நிக்கலஸ் என்பவர் ஸ்டூடியோ நடத்தினார். 1880-களுக்குப் பிறகு வீலே அண்ட் க்ளைன் பெயர் பெற்றது. போட்டோக்காரர் அரண்மனைக்கே வந்தாலும் சுருட்டிய திரையைக் கையோடு கொண்டுவந்து தாழ்வாரத்திலோ முற்றத்திலோ கட்டிவிடுவார். உங்கள் படத்தின் அடி ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பளம் முடிகிற இடத்தில் மண்தரையோ கல்தளமோ தெரிந்தால் வெளியில் எடுத்தது. பலகைத் தரை தெரிந்தால் ஸ்டூடியோவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படம் எடுக்கும் முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்-கீழ் வரிசையில் ஒரு பகுதி அந்த இயந்திரத்தால் வந்தது. 1851-ல் வந்த கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து இருட்டறையில் கழுவி முடித்துவிட வேண்டும். மொத்தமே ஏறக்குறைய பத்து நிமிடம். வேலூர் சித்திரை வெயிலில் அதுவும் கிடைக்காது. தகடு வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும் என்பதால் உட்கார்ந்தவர் சில வினாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்துவார்கள். நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் வட்டமான இரும்புப் பாதம் எட்டிப்பார்த்தால் அது இதுதான்.

லென்ஸ் விஷயம் இன்னும் சுவையானது. அப்போது ஆள் படம் எடுக்க அதிகம் பயன்பட்டது 1840-ல் பெட்ஸ்வால் கணக்குப் போட்டுக் கொடுத்த லென்ஸ். வெளிச்சத்தை நிறைய வாங்கும், நடுப்பகுதியை ஊசிமுனை போலத் துல்லியமாகக் காட்டும், ஓரத்துக்குப் போகப் போகக் குழப்பிவிடும். ஆகவே நடுவில் உட்கார்ந்த ஜமீன்தாரின் மீசை முடி ஒவ்வொன்றும் தெரியும், ஓரத்தில் நிற்கும் சேவகனின் முகம் கலங்கும். முகத்தில் தழும்பு, அம்மைப் புள்ளி இருந்தால் நெகட்டிவிலேயே பென்சிலால் சரிசெய்வதும் உண்டு. அந்த வேலை யார் முகத்தில் அதிகம் நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருப்பவர் மட்டும் வழவழவென்று வெளுப்பாகவும் மற்றவர்கள் கருத்தும் தெரிந்தால், நிறத்தை வைத்துச் சாதியோ வம்சமோ கணிக்கப் புறப்பட வேண்டாம்.

நிறத்தில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. அந்தத் தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியாது. குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகிவிடும். மஞ்சள் பூசிய முகம் கருத்துவிடும். ஆழ்ந்த நீலப் பட்டு வெளுத்துப்போகும். கறுப்புக் கோட்டு என்று நாம் நினைப்பது கருஞ்சிவப்பு வெல்வெட்டாக இருக்கலாம். திருநாமத்தின் வெள்ளைக் கோடுகளும் விபூதியும் தெளிவாக விழும், நடுவிலுள்ள சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு இருண்டுவிடும். நெற்றியைப் பார்த்து இன்ன குடும்பம் என்று தேடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இனி உட்கார்ந்த வரிசை. முதலில் பார்க்க வேண்டியது நாற்காலி. மெத்தையும் திண்டும் போட்டுத் தரையில் உட்கார்வதுதான் பழைய சபை வழக்கம். எல்லோரும் தரையில் இருக்கும்போது, திண்டின் உயரமும் தலைவரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்பதும் மரியாதையைச் சொல்லும். நாற்காலி வந்ததும் கணக்கு மாறியது. கலெக்டர் தன் முன்னால் யாருக்கு நாற்காலி போடச் சொல்கிறார் என்பதே ஜில்லாவில் ஒருவருடைய அந்தஸ்தாயிற்று. அதே அளவுகோலை ஜமீன்தார் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். படத்தில் இரண்டாவது நாற்காலி இருக்கிறதா? இருந்தால் அதில் இருப்பவர் சம்பளத்துக்கு இருப்பவராக இருக்க மாட்டார். தம்பி, மாப்பிள்ளை, சம்பந்தி, குரு, வந்திருக்கும் சமமான ஒருவர், இப்படித் தேடலாம். கை வைத்த நாற்காலி ஒருவருக்கும் கை இல்லாதது இன்னொருவருக்கும் என்றால் அதிலும் அர்த்தம் உண்டு. வெள்ளைக்காரர் ஒருவர் படத்தில் இருந்தால் அவருக்குக் கட்டாயம் நாற்காலி உண்டு, அவருடைய வயது இருபத்தைந்தே ஆனாலும்.

அடுத்தது கால். பலர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், கால்தான் அதிகம் பேசும். சர்க்கார் தர்பாருக்கு நாட்டுச் செருப்போடு வருகிறவர் வாசலில் கழற்ற வேண்டும், ஐரோப்பிய பூட்ஸும் காலுறையும் போட்டவர் அப்படியே உள்ளே போகலாம் என்று ஒரு விதி வந்தது. அப்புறம் பாருங்கள், கழுத்து முதல் முழங்கால் வரை ஜரிகை அங்கி, கீழே பளபளக்கும் பூட்ஸ். நமக்கு இன்று பொருந்தாததாகத் தெரிகிற அந்தச் சேர்க்கைக்குப் பின்னால் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது. நிற்பவர்களும் தரையில் இருப்பவர்களும் வெறுங்காலோடு இருப்பார்கள். நிற்பவர்களில் ஒருவர் மட்டும் செருப்புப் போட்டிருந்தால் அவர் காரியஸ்தரோ திவானோ ஆக இருக்க நல்ல வாய்ப்பு. சாமரம் பிடிப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

நிற்பவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வெள்ளித் தடி வைத்திருப்பவர் சோப்தார், பெரிய மனிதர் வரும்போது முன்னால் நடந்து கட்டியம் கூறுபவர். தோளிலிருந்து குறுக்காகப் பட்டையும் அதில் பித்தளை வில்லையும் இருந்தால் டவாலிச் சேவகர், இன்றைக்கும் கலெக்டர் ஆபீசில் பார்க்கிற அதே டவாலி. வெற்றிலைப் பெட்டி ஒருவரிடம், எச்சில் துப்பும் படிக்கம் ஒருவரிடம், குடை ஒருவரிடம். சாமரம் வீசுகிற மாதிரி இருந்தாலும் அது அசையவில்லை. அசைந்திருந்தால் வெறும் புகையாகப் பதிந்திருக்கும். வீசுவதுபோல் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றிருக்கிறார் அந்த மனிதர். "அரசவை இப்படித்தான் இருந்ததா" என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. சபை நடக்கும்போது இத்தனை பேரும் இத்தனை நெருக்கமாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கவே மாட்டார்கள். ஆளை அடுக்கியது போட்டோக்காரர். ஆனால் யார் யாருக்கு மேல் என்பதை அவர் கற்பனையாகப் போட முடியாது. அதில் ஒரு பிசகு நடந்திருந்தால் தகட்டைக் கழுவுவதற்கு முன்பே சண்டை வந்திருக்கும். தோரணையைச் சந்தேகியுங்கள், வரிசையை நம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். அதிலிருந்து விலக்குப் பெறுவதே ஒரு கௌரவமாக இருந்தது. ஆகவே வாளோடு படம் எடுத்துக்கொள்வதில் ஓர் உரிமைக் கொண்டாட்டம் உண்டு. அதே சமயம் ஸ்டூடியோவில் அலங்காரத்துக்கென்றே வாள் வைத்திருந்தார்கள். பிடித்திருக்கும் விதம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். கைத்தடிபோல ஊன்றியிருந்தால் பழக்கமில்லாத கை.

தலைப்பாகைக்காகவே ஒரு கலகம் நடந்த ஊர் வேலூர். 1806-ல் புதுத் தொப்பி, தாடி, நெற்றிக்குறி, கடுக்கன் பற்றிய உத்தரவுகள்தான் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தன. அந்த நினைவோடு உங்கள் படத்தில் உள்ள தலைகளை எண்ணிப் பாருங்கள். மராத்திக் கட்டு, மைசூர்ப் பேட்டா, முஸ்லிம் சேவகரின் முண்டாசு, ஓரத்தில் ஒரு தொப்பி. நாலைந்து பேர் நாலைந்து விதமாகக் கட்டியிருந்தால் அந்த வீட்டில் யார் யார் வேலைபார்த்தார்கள் என்ற ஒரு சின்னக் கணக்கெடுப்பே கிடைத்துவிடும். ஆரணி மாதிரி இடத்தில் மராத்தி, தெலுங்கு, தமிழ், உருது நாலும் ஒரே தாழ்வாரத்தில் கேட்டிருக்கும்.

பெண்கள் இல்லையே என்று கேட்டால், கோஷா வழக்கம்தான் காரணம். அன்னிய ஆண் முன்னால் வராதவர்கள் போட்டோக்காரர் முன்னால் மட்டும் எப்படி உட்கார்வார்கள்? ஹைதராபாத்தில் நிஜாமின் போட்டோகிராபராக இருந்த லாலா தீன்தயாள் 1892-ல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து, ஒரு ஆங்கிலேயப் பெண்மணியை வைத்து நடத்தினார். ஜெய்ப்பூர் மகாராஜா ராம்சிங் தானே கேமராவைப் பிடித்து அந்தப்புரத்துப் பெண்களை எடுத்தார். நம் ஜில்லாவின் ஜமீன்களுக்கு அந்த வசதி இல்லை. விளைவு விசித்திரமானது. மதராஸ் ஸ்டூடியோக்கள் விற்ற படங்களில் அதிகம் காணப்படும் தென்னிந்தியப் பெண்கள், கோஷா இல்லாத கோயில் நடனப் பெண்களும் கூலிப் பெண்களும்தான். ராணியின் முகம் நமக்குத் தெரியாது, அவள் வீட்டுக் கல்யாணத்தில் ஆடியவளின் முகம் அட்டையில் விலைக்குக் கிடைத்தது.

அதே கேமரா ஏணியின் அடிப்படிக்கும் போயிற்று, ஆனால் வேறு காரணத்துக்காக. 1857 பெருங்கலகத்துக்குப் பிறகு, தான் ஆளுகிற ஜனங்களை அடையாளம் வகுத்துவைக்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளில் 468 போட்டோக்களோடு இந்தியாவின் சாதிகளையும் குடிகளையும் வரிசைப்படுத்தி அச்சிட்டார்கள். எழும்பூர் மியூசியத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் அகலத்தை அளந்து, ஆளை நிறுத்திப் படமெடுத்து, 1909-ல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். ஜமீன்தார் படத்தின் கீழே பெயர் இருக்கும். இந்தப் படங்களின் கீழே சாதிப் பெயர் மட்டும் இருக்கும். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடும் அடிபட்டது. மதராஸ் மாகாணப் பஞ்சத்தைப் படமெடுத்த ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான மனிதர்களைக்கூட ஸ்டூடியோக் குழுப்படம்போல உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அடுக்கியிருக்கிறார். பார்க்கவே வயிற்றைப் புரட்டும். ஜமீன் படத்துக்கும் அதற்கும் எடுக்கும் முறையில் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

உங்கள் படத்துக்கு வருகிறேன். நடுவில் இருப்பவர்தான் உங்கள் முன்னோர் என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? இப்படிப்பட்ட குழுப்படத்தின் பிரதிகள் அதில் நின்ற காரியஸ்தர், கணக்குப்பிள்ளை, வைத்தியர், வாத்தியார் வீடுகளுக்கும் போகும். 'ராஜா வீட்டுப் படம்' என்று பாட்டி சொன்னதும் அதற்குப் பொருந்துகிறது. 'நம் வீட்டுப் படம்' என்று அவர் சொல்லவில்லை. நின்றவர்களில் கையில் கணக்குக் கட்டோ காகிதச் சுருளோ வைத்திருப்பவர் யார் என்று பார்த்து, அந்த முகத்தைக் குடும்பத்தின் மற்ற படங்களோடு ஒப்பிடுங்கள். பழைய பத்திரங்களில் ஆரணி ஜாகீர் சம்பந்தமாகச் சம்பளம், மானியம் என்று ஏதாவது இருந்தால் கதை முடிச்சவிழும். 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு ஜமீன் வேலைகள் போய்க் குடும்பங்கள் டவுனுக்கு நகர்ந்தன. நீங்கள் வேலூர் வந்த காலம் அதை ஒட்டியதா என்றும் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

காலத்தைக் கணிக்க அட்டையைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டரைக்கு நாலு அங்குலம் என்றால் 1860-களில் பரவிய விசிட்டிங் கார்டு அளவு. நாலேகாலுக்கு ஆறரை என்றால் அதற்குப் பிறகு வந்த கேபினட் அளவு. காகிதம் மிக மெல்லியதாக, அட்டையில் ஒட்டப்பட்டு, வெளுத்த இடங்கள் மஞ்சளாகவும் இருண்ட இடங்கள் பழுப்பாகவும் இருந்தால் அது முட்டை வெள்ளைக்கருவில் செய்த ஆல்புமென் காகிதம். 1890-கள் வரை அதுதான் ஓடியது. இருண்ட பகுதிகளில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மின்னினால் அது ஜெலட்டின் காகிதம், பெரும்பாலும் 1900-ஐ ஒட்டியோ பிறகோ. ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அட்டையின் கீழ் விளிம்பிலோ பின்பக்கத்திலோ அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில் பென்சிலில் எண் இருந்தால் அது நெகட்டிவ் எண்ணாக இருக்கலாம், அழித்துவிடாதீர்கள்.

தயவுசெய்து லாமினேட் செய்யாதீர்கள். அட்டையிலிருந்து படத்தைப் பிரிக்கவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சுவரில் மாட்டாமல் பீரோவில் படுக்கவைத்து வையுங்கள். சுவரில் மாட்ட ஸ்கேனிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டால் போதும்.